தாத்தாவைப் பார்த்து பாப்பா ஏன் அலறுது? குட்டிக் குழந்தை வீட்டில் ஒரு மதுரை டிசம்பர்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த ‘அப்புறம்’, ‘பேசிக்கலி’ எல்லாவற்றையும் முடிந்த அளவு வெட்டியிருக்கிறோம். நடுவில் கேட்ட குக்கர் விசிலை எழுத்தில் தர வழியில்லை.)

டிசம்பர் வந்தாச்சு. மதுரையில் இதைக் காலண்டர் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் காகித ஸ்டார் தொங்கும், பேக்கரி வாசலில் பிளம் கேக் பெட்டிகள் அடுக்கடுக்கா ஏறும், ராத்திரி பத்து மணிக்கு மேல எங்கிட்டோ ஒரு ட்ரம் சத்தம் கேட்கும்.

அந்த ட்ரம் சத்தத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. நம்ம நேயர் ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. “தம்பி, என் பையனுக்கு ஒன்றே முக்கால் வயசு. போன வருஷம் கேரல் ரவுண்ட்ஸ் வந்தப்ப தோள்ல தூங்கிட்டான். இந்த வருஷம் பக்கத்துத் தெருவுல ட்ரம் கேட்டாலே ஓடி வந்து காலைக் கட்டிக்கிறான். தாத்தாவைப் பார்த்தா அலறுறான். எங்க மாமியார், பழக்கினாத்தான் பயம் போகும், தூக்கி தாத்தா மடியில உட்கார வைங்கிறாங்க. என்ன பண்றது?”

மாமியார் கெட்ட எண்ணத்துல சொல்லலை. நம்ம ஊர்ல நீச்சலே கிணத்துல தள்ளிவிட்டுத்தான் கத்துக்கொடுத்தாங்க. ஆனா ஒன்றே முக்கால் வயசுக் குழந்தைக்கு அந்த முறை ஏன் சரிவராதுங்கிறதை இன்னைக்குப் பார்க்கலாம். கூடவே, அழுகையைவிடப் பல மடங்கு ஆபத்தான ஒரு சின்னப் பொருள் இருக்கு. அது அந்தத் தாத்தா தொப்பிக்குள்ளயே இருக்கலாம். அதையும் பேசாம இந்த எபிசோடை முடிக்க மாட்டேன்.

நான் டாக்டர் இல்லை. கோட் எழுதிப் பிழைக்கிற ஆள். வீட்ல இருபது மாசப் பாப்பா ஒண்ணு இருக்கு. அதனால இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சு வெச்சிருக்கேன், அவ்வளவுதான்.

முகமூடிக்குப் பின்னாடி

வெளிநாட்டுப் படங்களில் வர்ற கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு நிஜ முகம் இருக்கும், ஒட்டுத் தாடி இருக்கும், மால்ல சோபா போட்டு உட்கார்ந்திருப்பார். நம்ம ஊர்த் தாத்தா வேற ரகம். முகம் முழுக்க மூடுற பிளாஸ்டிக் முகமூடி. ரோஸ் கன்னம், மாறவே மாறாத சிரிப்பு, கண் இருக்கிற இடத்துல ரெண்டு ஓட்டை. கையில் பலூன் கட்டின கம்பு. உட்காரவே மாட்டார். ட்ரம் அடிக்கு ஆடிக்கிட்டே வந்து சாக்லேட்டை அள்ளி வீசுவார். எனக்கு மால் தாத்தாவைவிட இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஆனா எனக்கு இருபது மாசம் இல்லையே.

மனுஷக் குழந்தைக்கு முகம்ங்கிறது பிறக்கும்போதே முக்கியம். பிறந்து சில நிமிஷமே ஆன குழந்தைகள்கூட, கண்ணும் மூக்கும் கலைஞ்சு கிடக்கிற படத்தைவிட ஒழுங்கான முகப் படத்தைத்தான் அதிகமாத் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்கன்னு 1975-லயே ஒரு ஆய்வு வந்துச்சு. அப்ப முகத்துல அப்படி என்ன தேடுது? பதிலைத் தேடுது. நான் சிரிச்சா நீ சிரிக்கிறியா, நான் கத்துனா உன் புருவம் அசையுதா?

எட்வர்ட் ட்ரானிக்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1970-கள்ல இதை ஒரு பரிசோதனையாவே செஞ்சார். அம்மா குழந்தைகூடக் கொஞ்சிக்கிட்டு இருப்பாங்க. திடீர்னு ரெண்டு மூணு நிமிஷத்துக்கு முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்குவாங்க. அடிக்கிறதில்லை, திட்டுறதில்லை, எழுந்து போறதுகூட இல்லை. குழந்தை முதல்ல சிரிச்சுப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். எதுக்கும் பதில் வரலைன்னா முகத்தைத் திருப்பிக்கும், கலங்கிப் போயிடும். சில மாசமே ஆன குழந்தைகள் இவங்க எல்லாம். யூடியூப்ல அந்த வீடியோ இருக்கு. நான் முழுசாப் பார்க்கலை, பாதியிலேயே நிறுத்திட்டேன்.

இப்ப நம்ம தாத்தா முகமூடியை நினைச்சுப் பாருங்க. குழந்தை அழுதாலும் அது சிரிக்குது. பின்னாடி ஒளிஞ்சாலும் சிரிக்குது. நம்ம பாஷையில சொன்னா, ரெக்வெஸ்ட் அனுப்புறோம், சர்வர் இருநூறு ஓகேன்னு சொல்லுது, உள்ள டேட்டா மட்டும் காலி. ட்ரானிக் முகமூடியை வெச்சு எதையும் சோதிக்கலை. ரெண்டையும் சேர்த்து யோசிக்கிறது என் வேலை. ஆனா ஒரு முகம் இருந்தும் பதில் சொல்லலைன்னா குழந்தை தவிச்சுப் போகும்ங்கிற அளவுக்கு அது பொருந்தும்.

“உள்ள இருக்கிறது நம்ம பக்கத்து வீட்டு அண்ணன்தான்டா”ன்னு சொல்லிப் பார்ப்போம். இதுக்கு 1969-ல வந்த ரீட்டா டிவ்ரீஸோட ஆய்வு அருமையான பதில். மேனார்ட்னு ஒரு சாதுவான பூனை. மூணுல இருந்து ஆறு வயசு வரைக்குமான குழந்தைகள் அதைத் தடவிக் கொடுத்து விளையாடினாங்க. அப்புறம் அதோட தலைப் பக்கத்தை மட்டும் மறைச்சு, நாய் முகமூடியை மாட்டிவிட்டாங்க. பூனையோட பின்பக்கம் குழந்தைகள் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு. அப்படியும் மூணு வயசுக்காரங்கள்ல நிறையப் பேர், இப்ப இது நாய்தான், குரைக்கும்னு சொன்னாங்க. ஆறு வயசுக்காரங்களுக்கு அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. மூணு வயசுக்கே இப்படின்னா ஒன்றே முக்கால் வயசுகிட்ட “உள்ள அண்ணன்தான்”ங்கிற விளக்கம் எடுபடும்னு எதிர்பார்க்கிறது ரொம்ப ஓவர். அண்ணன் காணாமப் போயிட்டார், வேற யாரோ வந்துட்டாங்க. அதுக்குத் தெரியிறது அவ்வளவுதான்.

அப்ப குழந்தை யாரை நம்பும்? உங்க முகத்தைத்தான். 1985-ல ஒரு வயசுக் குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை. தடிமனான கண்ணாடித் தளம். பாதிக்கு மேல போனா கீழ சின்னப் பள்ளம் இருக்கிற மாதிரி தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா நிப்பாங்க. தவழ்ந்து வர்ற குழந்தை விளிம்புல நின்னு அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா சந்தோஷமா முகத்தை வெச்சிருந்தப்ப 19 குழந்தைகள்ல 14 பேர் தாண்டி வந்துட்டாங்க. பயந்த முகத்தைக் காட்டினப்ப 17 பேர்ல ஒருத்தர்கூடத் தாண்டலை.

அதாவது, தாத்தா தெருமுனையில திரும்புறப்ப பாப்பா பார்க்கப் போறது தாத்தாவை மட்டும் இல்லை, உங்களையும். அந்த நேரத்துல நீங்க ரெண்டு கையையும் விரிச்சுக் குழந்தையை வேற ஒருத்தர்கிட்ட நீட்டினா, அதுக்கு இருந்த ஒரே ஆதாரமும் போச்சு.

மாமியார் சொன்ன ‘பழக்கம்’ பாதி உண்மைதான். பழக்கலாம். ஆனா பைய, குழந்தை வேண்டாம்னா நிறுத்திக்கிற மாதிரி. எங்க வீட்ல என்ன பண்றோம்னு சொல்றேன். முகமூடி ஒண்ணை டிசம்பர் முதல் வாரமே வாங்கிப் பகல் வெளிச்சத்துல தரையில போட்டாச்சு. பாப்பா அதை மிதிச்சா, கடிச்சா, தலைகீழா வெச்சு அதுல பொரியைப் போட்டு எடுத்தா. நாலாவது நாள் அவளே அதைக் கரடி பொம்மைக்கு மாட்டச் சொன்னா. நான் இன்னும் மாட்டலை. மாட்டுறப்ப நெத்தியில இருந்து மெதுவா இறக்குவேன், முகம் மாறினா உடனே கழட்டிடுவேன்.

கேரல் வர்ற ராத்திரிக்கு ரெண்டு மூணு விஷயம் போதும். பாப்பா இடுப்பிலயே இருக்கட்டும், வாசப்படிக்கு உள்ள. தாத்தாவை ரெண்டு மூணு மீட்டர் தள்ளியே நிக்கச் சொல்லுங்க. முகமூடியைத் தூக்கி நெத்திக்கு மேல வெச்சுட்டு, குத்தவெச்சு உட்கார்ந்து, கையை நீட்டாம இருக்கச் சொல்லுங்க. குழந்தையா நெருங்கினா நல்லது. போட்டோ வேணும்னா நீங்க குழந்தையோட நில்லுங்க, தாத்தா பக்கத்துல நிக்கட்டும். மடி வேண்டாம். அழுதா உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க. “ஆம்பளப் பிள்ளை அழலாமா” வேண்டாம். “சத்தம் பெருசா இருந்துச்சுல்ல, பயந்துட்ட, அம்மா இங்கதான் இருக்கேன்” போதும்.

இதை வாசல்ல நின்னு சொன்னா ட்ரம் சத்தத்துல யாருக்கும் கேட்காது. முந்தின நாளே அன்பியம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க. என் மனைவி போட்டது இது: “எங்க வீட்ல சின்னப் பாப்பா இருக்கு. தெருமுனையிலயே ட்ரம்மை நிறுத்திட்டு வாங்க அண்ணா, பாட்டு மட்டும் பாடுங்க. சுக்குக் காபி ரெடியா இருக்கும்.” பதிலுக்குப் பன்னிரண்டு தம்ஸ்-அப் வந்துச்சு. அதே தெருவுல இன்னும் மூணு வீட்ல இருந்து “எங்க வீட்லயும்”னு மெசேஜ் வந்துச்சு. கேட்கத் தயங்கிக்கிட்டு இருந்திருக்காங்க.

சில குழந்தைகள் தாத்தாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கும். அது வேற சுபாவம். அந்தக் குழந்தை தைரியசாலி, உங்க குழந்தை பயந்தாங்கொள்ளின்னு யாராவது சொன்னா, கேக்கை அவங்க வாயில வெச்சுடுங்க.

“காலங்காலமா இப்படித்தான்”

இப்படி ஒரு வாதம் வரும். கொஞ்சம் வரலாறு பார்த்துடலாம், எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

மதுரையில் கிறிஸ்துமஸ் பழசுதான். இயேசு சபை குரு ராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தது 1606-ல. நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பின்னாடி 1834-ல அமெரிக்க மதுரா மிஷன் வந்துச்சு. நம்ம அமெரிக்கன் கல்லூரி, 1881-ல பசுமலையில ஆரம்பிச்சது, அவங்க வழியில வந்ததுதான். இங்கதான் ஒரு வேடிக்கை. அந்த மிஷனரிகளை அனுப்பின அமைப்போட தலைமையகம் பாஸ்டன், அதாவது மாசசூசெட்ஸ். அதே மாசசூசெட்ஸ்ல பியூரிட்டன்கள் 1659-ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா அபராதம்னு சட்டம் போட்டாங்க. 1681 வரைக்கும் அது இருந்துச்சு. 1856-லதான் அங்க கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையாச்சு. ஆக 1834-ல மதுரைக்கு வந்தவங்க ஊர்ல டிசம்பர் 25 சட்டப்படி லீவே இல்லை.

தாத்தாவுக்கு மூலம் நாலாம் நூற்றாண்டு ஆயர் புனித நிக்கோலாஸ், இன்னைக்குத் துருக்கியில இருக்கிற மைரா ஊர்க்காரர். ஆனா தொப்பை, வெள்ளைத் தாடி, கலகலப்புன்னு நமக்குத் தெரிஞ்ச உருவம் பெரும்பாலும் தாமஸ் நாஸ்ட்ங்கிற கார்ட்டூனிஸ்ட் 1863-ல இருந்து ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில வரைஞ்சு வரைஞ்சு பரவினது. கோகோ கோலா விளம்பரம் 1931-ல வந்து அதை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு. சிவப்பு அங்கியே கோலா கண்டுபிடிச்சதுன்னு வர்ற ஃபார்வர்டு மட்டும் தப்பு, அது அதுக்கு முன்னாடியே உண்டு. பிளாஸ்டிக் முகமூடி இதுக்கெல்லாம் பின்னாடி. ஒரு ராத்திரி அதை நெத்திக்கு மேல தூக்கி வெச்சா எந்தப் பாரம்பரியமும் உடைஞ்சுடாது.

தூக்கக் கணக்கு

எங்க வீடு ரெண்டு காலண்டர் வீடு. மனைவி பக்கம் ஆர்.சி. என் பக்கம் மார்கழி. டிசம்பர் பாதியில மார்கழி பிறந்ததும் அப்பத்தா நாலரை மணிக்கே வாசல் தெளிச்சுக் கோலம் போட உட்கார்ந்துடுவாங்க. அஞ்சு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை. ராத்திரிப் பக்கம் அம்மாச்சி, பேத்தியைக் கேரல் பார்க்க வைக்கணும்னு காத்திருப்பாங்க. ரெண்டு பேருக்கும் பேத்தி வேணும். பேத்திக்குத் தூக்கம் வேணும்.

ஒரு வயசுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் ஒரு நாளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சாதாரண நாள்ல பாப்பா ராத்திரி எட்டரையில இருந்து காலை ஆறரை வரைக்கும் பத்து மணி நேரம், மத்தியானம் ரெண்டு, ஆகப் பன்னிரண்டு. இப்ப கேரல் நாள். பதினொன்னே காலுக்கு ட்ரம். முழிச்சா திரும்பத் தூங்கப் பன்னிரண்டரை. அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர். கூட்டிப் பாருங்க: ரெண்டே முக்கால், அப்புறம் நாலரை, ராத்திரிக்கு மொத்தம் ஏழே கால். மத்தியானத் தூக்கத்தைச் சேர்த்தாலும் ஒன்பதே கால்தான். ஒரு நாள்னா சமாளிக்கலாம். மார்கழியும் கேரலும் ஒண்ணா ஓடுற பத்து நாளும் இப்படின்னா, 25-ம் தேதி புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டுத் தரையில உருண்டு அழுற குழந்தை கிடைக்கும். உடனே பெரியவங்க தீர்ப்பு: “கேக்கு கொடுத்தீங்கள்ல, அதான் ஆட்டம்.”

பாவம், கேக்கைக் குத்தம் சொல்லாதீங்க. சர்க்கரை குழந்தைகளைத் துள்ள வைக்குதாங்கிறதைப் பத்தின ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 1995-ல அலசினப்ப அப்படி எதுவும் தெரியலை. ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை சேர்க்காம இருக்கிறது நல்லதுங்கிறது பல்லுக்கும் நாக்குப் பழக்கத்துக்கும். அது தனிக் கதை. தூக்கம் கெட்ட குழந்தை பெரியவங்க மாதிரி சோர்ந்து உட்காராது, துள்ளும். அதைத்தான் நாம கேக் மேல போடுறோம்.

சத்தத்துக்குச் சட்டம் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45. அந்த ராத்திரி நேரத்துல திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்துல 15 நாளைக்கு மிகாம, ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். ஆனா பதினொன்னே காலுக்கு வாசல்ல நின்னு விதி பேசி ஜெயிச்சவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சுக்குக் காபி மெசேஜ் இதைவிட நல்லா வேலை செய்யுது.

மிச்சம் இயற்பியல். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் ஆறு டெசிபல் குறையும். மாசி வீதிப் பக்கம் இருக்கிற குறுகலான சந்துகள்ல அவ்வளவு குறையாது, ரெண்டு பக்கச் சுவரும் திருப்பி அடிக்கும். அதனால தெருப் பக்க அறையை விட்டுட்டுப் பின்கட்டு அறைக்குப் பாப்பாவை மாத்துங்க. தெரு ஜன்னலை அடைச்சுடுங்க. ஃபேனை ஓட விடுங்க. சீரான சத்தம் பின்னாடி இருந்தா திடீர்ச் சத்தம் அவ்வளவு உறைக்காது. காதுல பஞ்சு வைக்க வேண்டாம், அது வாய்க்குத்தான் போகும்.

24-ம் தேதி ராத்திரித் திருப்பலிக்குக் கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குத் தூக்கிட்டுப் போகணுமாங்கிறது எங்க வீட்ல மூணு வாரமா ஓடின விவாதம். முடிவு: அம்மாச்சியும் மனைவியும் ராத்திரிக்கு, நானும் பாப்பாவும் வீட்ல. காலைத் திருப்பலிக்கு எல்லாரும் சேர்ந்து. போறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். மதுரையில டிசம்பர் ராத்திரி பெரும்பாலும் 20, 21 டிகிரிக்குக் கீழ போறதில்லை. மங்கி கேப், ஸ்வெட்டர், அதுக்கு மேல போர்வைன்னு சுத்தி, கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தி, அப்புறம் ஏன் அழுதுன்னு கேட்காதீங்க.

அப்பத்தாவுக்கும் ஒரு வழி கிடைச்சுது. நாலரை மணிக் கோலம் அவங்களோடது. ஆறரை மணிக்கு அதுக்குப் பக்கத்துல பாப்பா கோலம். ஒரு கைப்பிடி மாவைக் கொடுத்தா அவ தரையில கொட்டித் தேய்ப்பா. நடுவுல ஒரு பூசணிப்பூ. அதுல ஸ்டார் போடச் சொல்லி அம்மாச்சி போன்ல கேட்டாங்க. அப்பத்தா ஆறு புள்ளி வெச்சு ஸ்டார் போட்டுட்டாங்க.

கூட்டம் இல்லாமப் பார்க்கணும்னா இடைக்காட்டூர் போயிட்டு வாங்க. மானாமதுரை ரோட்ல திருப்புவனம் தாண்டி, சிவகங்கை மாவட்டம். கிட்டத்தட்ட 36 கிலோமீட்டர். பிரெஞ்சு குரு ஃபெர்டினாண்ட் செல் 1894-ல கட்டின திரு இருதயக் கோயில், கோதிக் பாணி. 26 அல்லது 27-ம் தேதி காலையில போனா பாப்பா வெளிய ஓடுறதுக்கு இடம் இருக்கும்.

குடிலும் பேட்டரியும்

எனக்குக் கேட்டா, இந்த சீசன்ல குட்டிக் குழந்தைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கிறது குடில்தான். 1223-ல புனித பிரான்சிஸ் அசிசி இத்தாலியில கிரேச்சோ ஊர்ல நிஜ மாடும் கழுதையும் வெச்சுச் செஞ்சதுல இருந்து வர்ற வழக்கம். தரையில இருக்கும், குழந்தை கண்ணு மட்டத்துல இருக்கும், அசையாது, அலறாது. கேழ்வரகைத் தட்டுல முளைக்கப் போட்டா ஒரு வாரத்துல புல்லு ரெடி. தினமும் தண்ணி தெளிக்கிற வேலையைப் பாப்பாகிட்டக் கொடுத்திருக்கோம். தரையெல்லாம் ஈரம், ஆனா புல்லும் வளருது.

பிரச்னை சுரூபங்கள்ல. சின்ன ஆட்டுக்குட்டி, சின்னப் பாலன், எல்லாம் வாய்க்குப் போற அளவு. மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளோட பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு குழாய் வெச்சிருக்காங்க. அதுக்குள்ள முழுசா அடங்கிற எதுவும் தொண்டையை அடைக்கலாம்னு கணக்கு. வீட்ல டாய்லெட் பேப்பர் சுருள் நடுவுல இருக்கிற அட்டைக் குழாயை வெச்சுப் பாருங்க. அது கொஞ்சம் அகலம், அதனால இன்னும் பாதுகாப்பான பக்கம்தான். அதுக்குள்ள நுழையிற ஆட்டுக்குட்டி எல்லாம் அலமாரி மேல. கீழ துணியில தைச்ச ஆடு, பெரிய மர மாடு. முழு முந்திரி, நிலக்கடலைக்கும் இதே அலமாரிதான், நாலு வயசு ஆகிற வரைக்கும்.

இப்ப ஆரம்பத்துல சொன்ன பொருள். பட்டன் பேட்டரி.

மினுக்குற தாத்தா தொப்பி, எல்இடி மெழுகுவர்த்தி, திறந்தா பாடுற வாழ்த்து அட்டை, மினுக்குற ஹேர்பேண்ட், லைட் எரியிற மோதிரம். இந்த மாசம் விளக்குத்தூண் பக்கம் ஒரு சுத்து சுத்தினா இதுல நாலாவது கைக்கு வந்துடும். எல்லாத்துக்கும் உள்ள காசு மாதிரி ஒண்ணு இருக்கும். அதுல மோசமானது சிஆர் 2032 வகை: 20 மில்லிமீட்டர் அகலம், மூணு வோல்ட், கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசு அளவு. குழந்தை விழுங்கினா உணவுக்குழாய்ல சரியா மாட்டிக்கிற அளவு.

மூணு வோல்ட் ஷாக் அடிக்காதேன்னு தோணும். பிரச்னை ஷாக் இல்லை. ஈரமான சதை பேட்டரியோட ரெண்டு முனையையும் தொட்டுச் சர்க்யூட்டை முடிச்சு வைக்குது. மின்சாரம் ஓடுது. நெகட்டிவ் முனைகிட்ட இருக்கிற நீர் பிரிஞ்சு ஹைட்ராக்சைடு உருவாகுது, கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கிற காரம் இருக்கே, அந்த இனம். பேட்டரி உடைய வேண்டியதில்லை, கசிய வேண்டியதில்லை. ரெண்டு மணி நேரத்துலயே பெரிய புண்ணாகலாம், குழாயே ஓட்டையாகலாம். “தீர்ந்துபோன பேட்டரிதானே”ங்கிறதும் தப்பு. தொப்பியை மினுக்க வைக்க முடியாத பேட்டரிகிட்ட சதையைப் புண்ணாக்கப் போதுமான மின்னழுத்தம் மிச்சம் இருக்கும்.

அறிகுறியைப் பார்த்துட்டுப் போகலாம்னு இருக்காதீங்க. எச்சில் ஒழுகலாம், சாப்பிட மறுக்கலாம், இருமலாம், குரல் கம்மலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே 108, இல்லைன்னா கையில இருக்கிற வண்டி. எண்டோஸ்கோப்பி வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு. உள்ள நுழைஞ்சதும் முதல் வார்த்தையே “பட்டன் பேட்டரி”னு சொல்லுங்க. “ஏதோ முழுங்கிட்டா”ன்னு சொன்னா வரிசையில உட்கார வேண்டி வரலாம். எக்ஸ்ரேல காசுக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியும், பேட்டரிக்கு விளிம்புல ரெட்டை வளையம் இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. சோறு, வாழைப்பழம், தண்ணி எதுவும் வேண்டாம். ஒரே விதிவிலக்கு தேன். குழந்தைக்கு ஒரு வயசு தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, விழுங்க முடியுற நிலையில இருந்தா, போற வழியில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் ஆறு தடவை. அது புண்ணோட வேகத்தைக் குறைக்கும், பேட்டரியை எடுக்காது. வீட்ல தேன் இல்லைன்னா தேடிக் கடைக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு. ஒரு வயசுக்குக் கீழன்னா தேனே கூடாது. மூக்குல, காதுல போட்டுக்கிட்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து எதுவும் விடாதீங்க.

வாங்குறப்ப பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு திருப்பிப் பாருங்க. நகத்தால திறக்கிற மூடின்னா கடையிலேயே வெச்சுடுங்க. 2021 ஜனவரியில இருந்து இந்தியாவுல விற்கிற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனா மினுக்குற தொப்பியையும் வாழ்த்து அட்டையையும் யாரும் பொம்மைன்னு நினைச்சு முத்திரை தேடுறதில்லை.

எங்க வீட்ல மொத்தம் பதினோரு பட்டன் பேட்டரி தேறுச்சு. அதுல ரெண்டு நான் நினைச்சே பார்க்காத இடத்துல: சமையலறைத் தராசு, கார் சாவி. தொப்பியில இருந்ததைக் கழட்டி, ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு டப்பாவுல போட்டுப் பீரோ மேல வெச்சாச்சு. தொப்பி இப்ப மினுக்காது. பாப்பா அதுக்குள்ள வெங்காயம் போட்டு வெச்சிருக்கா.

அடுத்த வாரம் பொங்கல் ரயில் டிக்கெட். தட்கல் பத்து மணிக்கு ஏன் அப்படித் தொங்குதுன்னு பேசலாம். உங்க வாய்ஸ் நோட்டை வழக்கமான நம்பருக்கே அனுப்புங்க.